அறுபத்தைந்து கிலோ மனிதர்கள்

ஹெலிகாப்டரில் ஒருமுறைகூட ஏறியிராத ஒருவனை, எந்த ஹெலிகாப்டர் நல்லது என்று பார்த்துவர ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஒருவன் நான்தான். எழுபதுகளின் பிற்பகுதி அது. பம்பாய்க்கு மேற்கே கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நடுக்கடலில் இரும்புக் கால்களின் மேல் நின்ற மேடைகளுக்கு இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று ஆட்கள் போய்வந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவருவது எங்கள் பிரிவின் பொறுப்பு. நான் அதில் போக்குவரத்துப் பொறியாளர். பதவிப் பெயர்தான் பெரிது, செய்தது பெரும்பாலும் படிவம் தயாரிக்கும் வேலை.

அதுவரை வாடகைக்கு வைத்திருந்த ஹெலிகாப்டர்களின் ஒப்பந்தம் முடியப்போகிறது. அடுத்து எந்த வகையை எடுப்பது என்பதுதான் கேள்வி. இயந்திரங்களின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று அப்போது ஓர் உத்தரவு இருந்தது. உத்தரவு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆகவே இங்கேயும் ஒற்றை, இரட்டை, பெரியது என்றே சொல்கிறேன். ஒற்றைக்கு ஓர் என்ஜின், பன்னிரண்டு இருக்கை. இரட்டை அதே உடம்புதான், அதே பன்னிரண்டு இருக்கைதான், ஆனால் என்ஜின் இரண்டு. பெரியதற்கும் இரண்டு என்ஜின், இருபத்துச் சொச்சம் இருக்கை, படகு மாதிரி அடிப்பாகம். எங்கள் கடல் மேடைகளின் தளம் பெரியதின் கனத்தைத் தாங்காது என்பதால் அது முதலிலேயே கழன்றுகொண்டது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மேலதிகாரி தேஷ்பாண்டே என் கையில் ஒரு கோப்பைக் கொடுத்தார். திறந்தால், நான் திரும்பி வந்து எழுதவேண்டிய அறிக்கை உள்ளே இருக்கிறது. முன்னுரையும் நோக்கமும் டைப் அடித்துத் தயார். நடுவில் ஓர் அட்டவணை, அதன் கட்டங்கள் மட்டும் காலி. கடைசிப் பக்கத்தில் முடிவும் இருந்தது: 'மேற்கண்ட ஒப்பீட்டின்படி ஒற்றை என்ஜின் வகையே நமக்கு ஏற்றது.' அதற்குக் கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"நான் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவு வந்துவிட்டதே, சார்?" என்று கேட்டேன்.

"ஓர் என்ஜின் ஒழுங்காக ஓடினால் இரண்டாவது எதற்கு? செலவுதான் கூடும்" என்றார் அவர். "கட்டங்களை நிரப்பு, கையெழுத்துப் போடு. மிச்ச நேரத்தில் கங்காரு பார்."

அன்று சாயங்காலம் செம்பூரில் இருந்த என் தங்கை சரோஜா வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் கணவர் மாணிக்கம் அந்தக் கடல் மேடைகளில் ஒன்றில் வெல்டர். வெளிநாடு போகிறவனிடம் என்ன கேட்பாளோ என்று மனதுக்குள் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். அவள் சேலையும் கேட்கவில்லை, செண்டும் கேட்கவில்லை.

"அண்ணே, நல்லதாப் பாத்துட்டு வாங்க. அதுல அவுக உக்காரப் போறாக" என்றாள்.

சிட்னியில் இறங்கிய மறுநாள் ரயிலைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதவு திறந்தபடியே ஓடும் மின்சார ரயில், அசல் பம்பாய் லோக்கல்தான். ஒரே வித்தியாசம், கதவில் யாரும் தொங்கவில்லை. ஜூலை மாதக் குளிர் உள்ளே வந்து எல்லோர் மூக்கையும் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது, ஒருவரும் எழுந்து கதவைச் சாத்தவில்லை. எனக்குச் சாத்த ஆசை. ஆனால் வந்த ஊரில் முதல் நாளே சட்டம் பேசுவானேன் என்று கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டேன்.

நான் போகவேண்டியது ஹெலிகாப்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்கு. ஸ்ட்ராத்ஃபீல்டில் வண்டி மாறவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே நடைமேடைகள் வரிசையாகக் கிடந்தன. தாதரில் தினமும் வண்டி மாறுகிற எனக்கா தெரியாது என்று யாரையும் கேட்காமல் ஏறினேன். போய் இறங்கிய இடம் பிளாக்டவுன். பாதி கட்டிய வீடுகளும் காலி மனைகளுமாகக் கிடந்தது ஊர். நடைமேடையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நேர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறாய், நண்பா" என்றார். பிறகு ஆறுதலாக, "ஆனால் இங்கே பை நன்றாக இருக்கும்" என்றார்.

அதுவும் உண்மைதான். பை என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு மாவுக் கிண்ணம். உள்ளே கொத்துக்கறி, மேலே மூடி. மூடியின் நடுவில் ஓட்டை போட்டுத் தக்காளிச் சாறு ஊற்றித் தருகிறார்கள். கடித்ததும் சூடான குழம்பு முழங்கை வரை வழிந்தது. காரம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்தக் குளிருக்கு இரண்டு தின்றேன்.

பட்டறைக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். மேஸ்திரி பெயர் கென். நான் தாமதமாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக ஒரு மேசைக்கு அழைத்துப் போனார். ஹெலிகாப்டரின் பல்சக்கரப் பெட்டி ஒன்றைப் பிரித்து, சக்கரங்களைத் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கியது.

"இது எப்போது உடைந்தது?" என்று கேட்டேன்.

"உடையவில்லையே" என்றார் கென்.

"பிறகு ஏன் பிரித்தீர்கள்?"

"மணிக்கணக்கு முடிந்துவிட்டது." சீட்டைத் திருப்பிக் காட்டினார். இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்ற வேண்டும், நன்றாக இருந்தாலும் கழற்ற வேண்டும். எங்கள் ஊர் பஸ் டிப்போவில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். நன்றாக ஓடும் வண்டியைப் பிரித்துப் போட்டால் அங்கே மெமோ கொடுப்பார்கள். இதைச் சொன்னபோது கென் சிரிக்கவில்லை. "பஸ் நின்றால் இறங்கி நடக்கலாம்" என்றார்.

ஒற்றையும் இரட்டையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன, மேல்மூடிகளைத் திறந்துபோட்டு. ஏணியில் ஏறி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அட்டவணைக்கு வேண்டிய நீளம், அகலம், இருக்கை, எரிபொருள் எல்லாம் மளமளவென்று நிரம்பின. இருக்கை இரண்டிலும் பன்னிரண்டு. செலவு ஒற்றைக்குத்தான் குறைவு. தேஷ்பாண்டே சொன்னதில் தப்பில்லை போலிருக்கிறதே என்றுகூட நினைத்தேன். எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?" என்று கென்னைக் கேட்டேன்.

"நான் தரையில் நிற்கிறவன். மேலே போகிறவனைக் கேள்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மேலே போகிறவர்கள் இருந்தது மெல்பர்ன் பக்கம். அந்த ஊரில் டிராம் என்னை அவமானப்படுத்தியது. கூட்டமாக இருந்தது, கைக்கு எட்டும்படி தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது, பிடித்துக்கொண்டு நின்றேன். டிராம் ஒரு நிறுத்தம் விடாமல் நின்று நின்று போயிற்று. ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. என்ன ஊரப்பா இது என்று நான் சலித்துக்கொண்டபோது கண்டக்டர் அம்மாள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, பக்கத்தில் தொங்கிய தோல்பட்டையில் வைத்துவிட்டுப் போனார். நான் பிடித்திருந்தது மணிக் கயிறு. பின்னால் இருந்த ஒருவர், "எனக்கு இந்தப் பயணம் பிடித்திருந்தது" என்று மனைவியிடம் சொல்வது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க் போனேன். அங்கே சிவபாலன் என்ற யாழ்ப்பாணத்துக் கணக்காளர் குடும்பத்துடன் இருந்தார். பம்பாயில் என்னோடு வேலை பார்ப்பவரின் பழைய நண்பர். ஸ்டேஷனுக்கே காருடன் வந்துவிட்டார். அவர் மனைவி பரமேஸ்வரி வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ. உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ. சரியான குளிர்" என்றார். நாலு நாளாகத் தமிழ் கேட்காத காதுக்கு அது என்னமோ செய்தது. பிட்டு, மீன் குழம்பு, காய்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த சம்பல். தேங்காய்க்கு அலைந்த கதை, மிளகாய்த்தூள் தபாலில் வந்து உறை கிழிந்த கதை எல்லாம் கேட்டேன். எட்டு வயது மகளிடம் எது பேசினாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. பிட்டை மட்டும் அவள் கையால் குழைத்துத்தான் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் நான் கடலுக்குப் போகப்போகிறேன் என்றதும் பரமேஸ்வரி குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு துணிப்பை. மீன் ரோல்ஸ், பால் டொஃபி, அரைக் கேக், காப்பித்தூள் போத்தலில் அடைத்த எலுமிச்சை ஊறுகாய்.

"இவ்வளவும் எதுக்குங்க?" என்றேன்.

"கடலுக்க போறியள். அங்க என்னத்தைச் சாப்பிடுவியள்?"

"அங்க சாப்பாடு போடுவாங்கம்மா."

"போடுவினம். அது சாப்பாடே?" என்று கேட்டுவிட்டுப் பையைக் காரில் வைத்துவிட்டார்.

சிவபாலன் தன் கம்பளி ஓவர்கோட்டையும் கொடுத்தார். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். கோட்டுக்குள்ளிருந்து என் தலையும் விரல் நுனிகளும் மட்டும்தான் தெரிந்தன.

ஹெலிகாப்டர் தளம் மெல்பர்னுக்குக் கிழக்கே, கிப்ஸ்லாந்துப் பக்கம். சுற்றிலும் பசுக்கள் மேயும் பச்சை வெளி. நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் ஓர் இரட்டை நின்றது. கொட்டகைக்குள் பெரிய எடை மேடை, பக்கத்து மேசையில் மிஸஸ் டாய்ல் என்ற அம்மாள். ஓர் ஆள் பையோடு மேடையில் ஏறுவார், அந்த அம்மாள் எடையைச் சத்தமாகப் படித்து எழுதிக்கொள்வார். கிலோ கணக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் அதைப் பழைய பவுண்டிலும் மாற்றிச் சொன்னார். டான் என்ற துளையிடும் ஆள் ஏறியதும் முள் ஓடு ஓடென்று ஓடி நூற்றுப் பதினெட்டில் நின்றது. "டான், உன் மனைவி நல்ல சமையல்காரி" என்றார் ஒருவர். "மனைவி போய்விட்டாள். இது நானே சமைத்தது" என்றார் டான்.

பலகையில் பத்துப் பெயர்தான் இருந்தது. இருக்கை பன்னிரண்டாயிற்றே என்று எனக்குக் குறுகுறுப்பு. விமானியான கேப்டன் ஹாரிஸிடம் கேட்டேன். குள்ளமான, மெல்லப் பேசும் மனிதர்.

"நான் நாற்காலிகளைக் கொண்டுபோவதில்லை. ஆட்களைக் கொண்டுபோகிறேன்" என்றார். எதிர்க்காற்று பலமாக இருக்கிறது, அதிக எரிபொருள் வேண்டும், அதனால் இன்றைக்குப் பத்து.

என் முறை வந்தது. மேடையில் ஏறும்முன் துணிப்பையை ஒரு பெஞ்சில் வைத்தேன். ஏமாற்றுகிற எண்ணம் துளியும் இல்லை. சாப்பாட்டை யாராவது எடை போடுவார்களா? எங்கள் ரயிலில் சாமான் என்றால் பெட்டி படுக்கை. கூடையில் இருக்கும் சோறு சாமானில் சேராது, எந்த டிக்கெட் பரிசோதகரும் அதைக் கேட்டதில்லை. ஓவர்கோட்டோடு ஏறி நின்றேன், அறுபத்தாறு. இறங்கி, பையை எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கொடுத்த உயிர்காப்பு அங்கியை அதன் மேலேயே மாட்டிக்கொண்டேன்.

மேலே இறக்கை சுற்ற ஆரம்பித்தது. கதவைச் சாத்த வந்த பணியாள் என் வயிற்றுப் பக்கம் பார்த்தார், அங்கியைத் தூக்கினார், விமானியிடம் போய் ஏதோ சொன்னார். சத்தம் குறைந்தது, இறக்கை மெல்ல மெல்ல நின்றது. ஹாரிஸ் இறங்கி வந்தார்.

"அதில் என்ன?"

"சாப்பாடு."

"எவ்வளவு கனம்?"

"தெரியாது."

"அப்படியானால் எனக்கும் தெரியாது" என்றார். கோபமே இல்லை. பத்துப் பேரையும் இறங்கச் சொன்னார். ஒருவர் கணக்கில் சந்தேகம் வந்தால் எல்லோரையும் மறுபடி நிறுக்க வேண்டும், அது அங்கே வழக்கம். பை நாலரைக் கிலோ இருந்தது. டான் முணுமுணுத்துக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து ஒரு பெரிய ஸ்பானரை எடுத்து மேசையில் வைத்தார், அதற்கு ஒன்றரைக் கிலோ.

இந்தக் கூத்து முடிவதற்குள் கடல் பக்கமிருந்து மூடுபனி வந்து பசுக்களை மறைத்தது. இனி விலகினால்தான் பறக்கலாம். "அங்கே பத்துப் பேர் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர நிற்கிறார்கள்" என்று ரேடியோவில் மேடையோடு பேசிவிட்டு வந்த ஒருவர் பொதுவாகச் சொன்னார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பையைப் பிரித்து மேசையில் பரப்பினேன். மீன் ரோல்ஸ் முதலில் போயிற்று. டான் ஊறுகாயை கேக்கின் மேல் தடவிச் சாப்பிட்டு, கண்ணில் நீர் வழிய "இன்னும் கொஞ்சம்" என்றார். மிஸஸ் டாய்ல் டொஃபியின் பக்குவத்தை எழுதித் தரச் சொன்னார். தேநீரோடு என்னருகே வந்து உட்கார்ந்த ஹாரிஸ், "நீ என்ன பார்க்க வந்தாய்?" என்று கேட்டார். அட்டவணையைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் படித்தார்.

"இந்தச் சுமைக் கணக்கெல்லாம் பதினைந்து டிகிரிக்கு. உங்கள் ஊரில் எவ்வளவு சூடு?"

"முப்பத்து நாலு, முப்பத்தைந்து."

"சூடான காற்று தூக்கிவிடாது. ஆள் குறையும்" என்று கட்டத்தின் ஓரத்தில் குறித்தார். "உங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோவார்களா?"

மாணிக்கம் தூக்கிக்கொண்டு போகும் முறுக்கு டின் என் கண்ணில் வந்து நின்றது. "எல்லோருமே" என்றேன்.

"அதை நிறுப்பீர்களா?"

"ஆட்களையே நிறுப்பதில்லை. ஒருவருக்கு அறுபத்தைந்து கிலோ என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறது."

"சாமானோடா?"

"சாமானோடு."

"அந்த அறுபத்தைந்தைச் சொன்னது யார்?"

"நான்" என்றேன்.

அதுதான் உண்மை. மூன்று வருடம் முன்பு அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். சராசரி எடை ஒன்று தேவைப்பட்டது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் அலுவலகத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரைத் தாதர் ஸ்டேஷனில் எடை எந்திரத்தில் ஏற்றினேன். வண்ண விளக்கு எரிந்து, சக்கரம் சுற்றி, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஆருடமும் அச்சடித்த அட்டை விழும், அந்த எந்திரம். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டு மாலைவரை நாற்காலியில் இருக்கும் குமாஸ்தாக்கள் நாங்கள். கூட்டி வகுத்து, பைக்காகக் கொஞ்சம் சேர்த்தேன், அறுபத்தைந்து வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆருடம், 'உங்கள் திறமை பலருக்குப் பயன்படும்' என்றது. இதையெல்லாம் ஹாரிஸிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. இரும்பு தூக்குகிற, பூட்ஸ் போட்ட, டின் சுமக்கிற ஆட்கள் மூன்று வருடமாக என் படிவத்தில் அறுபத்தைந்து கிலோவாகக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது என் திறமையால் அல்ல. தேநீரைக் கீழே வைத்தேன்.

இருவரும் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டோம். உண்மையான ஆள், உண்மையான டின், பம்பாய் வெயில். ஒற்றையில் பன்னிரண்டு ஒன்பதாயிற்று. இரட்டையில், ஓர் என்ஜின் நின்றாலும் மற்றதை வைத்துப் பறக்க வேண்டுமானால் எட்டுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செலவு அதிகம், ஏற்றுவதும் ஓர் ஆள் குறைவு. இதை எழுதினால் ஒற்றைதான் ஜெயிக்கும்.

"ஒற்றையில் என்ஜின் நின்றால்?" என்று கேட்டேன்.

"மேல் இறக்கை காற்றிலேயே சுற்றும், மெதுவாக இறங்கலாம். மிதவை இருக்கிறது. கடல் அமைதியாக இருந்தால் பிழைக்கலாம்." பிறகு, "உங்கள் கடல் எப்படி?" என்றார்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, மழைக்காலத்தில், எங்கள் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மேல் பனி விலகியது. பை நிறுக்கப்பட்டு, காலியாகி, மிஸஸ் டாய்லிடமே தங்கிவிட்டது. நாங்கள் கிளம்பினோம். கடல் ஈய நிறத்தில் கிடந்தது. அங்கே மேடைகளுக்கு மீன்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காட்டி டான் என் காதில் கத்திக்கொண்டே வந்தார். மேடையில் எங்களுக்காகக் காத்திருந்தவர்களிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் மட்டும், "என் மகள் பள்ளி நாடகம் இந்நேரம் முடிந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் என் முகத்தைவிடப் பெரிய இறைச்சித் துண்டு போட்டார்கள். நான் பாதியோடு எழுந்துவிட்டேன்.

மாலையில் கடைசி நடை. திரும்பும்போது நானும் ஹாரிஸும் பணியாளும் மட்டும்தான். நடுவழியில் ஹாரிஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு விரலைக் காட்டிவிட்டு, ஓர் என்ஜினின் வேகத்தைக் குறைத்தார். சத்தம் மாறியது. நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உயரம் காட்டும் முள்ளை விட்டு என் கண் நகரவில்லை. அது அப்படியே நின்றது. கீழே கடல், முன்னால் கரை, நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். சரோஜா சொன்னது அப்போது மனதில் வந்தது.

கடைசிப் பக்கத்தை நோபல் பார்க்கில் சிவபாலனின் டைப்ரைட்டரில் அடித்தேன். ஒற்றை, இரட்டை, ஒன்பது, எட்டு, செலவு எல்லாவற்றையும் உள்ளபடி போட்டேன். படிவத்தில் இருந்த என் தப்பையும் எழுதினேன். முடிவுக்கு வந்தபோது ரொம்ப நேரம் யோசித்து இப்படி அடித்தேன்: 'என்ஜின் ஒன்று நின்றால் முதல் வகை ஒன்பது பேரைக் கடலில் இறக்கும். இரண்டாவது வகை எட்டுப் பேரைக் கரையில் இறக்கும். இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு நடைக்கும் ஆளையும் பொருளையும் நிறுக்க வேண்டும்.'

"உங்கட பெரியவர் கோவிக்க மாட்டாரே?" என்று கேட்டார் சிவபாலன்.

"கோவிப்பார்."

பரமேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ர ரோல்ஸாலயோ ஹெலியை நிப்பாட்டினவங்கள்?" என்றார் கலங்கிப்போய்.

"ரோல்ஸால இல்லம்மா, என்னாலதான். ரோல்ஸ் ஒண்ணுகூட மிஞ்சல" என்றேன். அதற்குத்தான் அவர் முகம் மலர்ந்தது.

பம்பாயில் தேஷ்பாண்டே அறிக்கையைப் படித்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"அறுபத்தைந்து தப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன், தெரியுமா?"

"தெரியும் சார். அப்போது மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து வந்திருந்தீர்கள்."

அவர் எழுந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், கையில் வீட்டிலிருந்து வந்த டப்பா. என்னைக் கூட்டிக்கொண்டு கீழே கிடங்குக்குப் போனார். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அங்கே இருந்தது. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு ஏறப்போனார்.

"டப்பாவோடு, சார்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினார். எண்பத்திரண்டு. இறங்கிய பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. செலவைப் பற்றி மேலே அவர் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாரோ, என்னிடம் சொன்னதில்லை.

இரட்டை வந்து முதல் நடைக்குக் கிளம்பிய அன்று காலை நான் எடை மேடைக்குப் பக்கத்தில் நோட்டுடன் நின்றேன். எட்டுப் பேர் வரிசையில் மாணிக்கம் நாலாவது. என் தொல்லையில் ஆட்கள் ஏற்கெனவே முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சாப்பாடு ஆளுக்கு இரண்டு கிலோதான் என்று முன்னரே சொல்லி, ஒருவருடைய ஊறுகாய் ஜாடியைத் திருப்பி அனுப்பியிருந்தேன். மாணிக்கம் மேடையருகே வந்ததும் வழக்கமான பெரிய டின்னைத் தேடினேன். கையில் இருந்தது சின்ன டின்.

"மாப்பிள்ளை, அதையும் எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்றேன்.

"தெரியும் மச்சான்" என்று சொல்லி டின்னை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூடியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் சரோஜாவின் குண்டு குண்டான கையெழுத்து: 'முறுக்கு, டின்னோடு, இரண்டு கிலோ.'

"செட்டியார் கடைத் தராசுல வச்சு நிறுத்துட்டு வந்தா. நேத்து ரெண்டு தடவை போனா. முதல்ல ரெண்டரை இருந்துச்சாம், எடுத்து வச்சுட்டு மறுபடி போயிருக்கா" என்றார் மாணிக்கம்.

அவர் டின்னோடு ஏறி நின்றார். நான் எடையைச் சத்தமாகப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.